வக்வா ஓலைக் கிரீடம்

திங்கள், நவம்பர் 9

சர்தார் வேலாயுதம் திருடன். ஊர் நாடகப் பெட்டியைத் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதைத் தன் சொத்துப்போல இரவல் கொடுக்கிறான். எழுதிவிட்டேன். வாயால் சொன்னால் எங்கள் ஊர் ட்ரியோலேயில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

காற்றில்லாத வெயில். மில்லில் காலை முதல் சர்க்கரை மூட்டைக்கு முத்திரை அடித்தேன். முழங்கை வரை கறுப்பு மை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் நிற்கிறது.

நடந்தது இதுதான். கரும்பு வெட்டு முடியப்போகிறது. தீமிதிக்கு முந்திய ஞாயிறு, 22ஆம் தேதி, கோயில் திடலில் நாடகம். வாத்தியார் ராமலிங்கம் தானே பாட்டுக் கட்டிய ‘செங்கழனி ராஜன்’. நாட்டை இழந்த ராஜா அயலூரில் ஏர் பிடிக்கிறான். கடைசிக் காட்சியில் திரும்பி வந்து நாட்டை மீட்கிறான். மூன்று வருடமாக ராஜா வேஷம் சர்தார் மகன் மாணிக்கத்துக்கு. குரல், எண்ணெய் காணாத மாட்டுவண்டிச் சக்கரம். இருந்தாலும் அவன்தான் ராஜா. காரணம், மரத்தில் செதுக்கிய கிரீடமும் மார்புக் கட்டையும் தோள் கட்டையும் அவன் வீட்டுப் பெட்டிக்குள்.

இந்த வருடம் வாத்தியார் துணிந்துவிட்டார். வேஷம் சின்னசாமிக்கு. சின்னசாமி கரும்பு வெட்டுகிறவன், என் சிநேகிதன். அவன் வயலில் பாட்டெடுத்தால் பக்கத்து வயலில் கத்தி நிற்கும்.

சாயங்காலம் ஒத்திகை. சர்தார் வந்தான். வயலில் ஆள் விரட்டும் வேலையை விட்டுப் பல வருடம் ஆயிற்று. இப்போது சொந்தக் கரும்பு நிலம், குதிரை வண்டி. ஆனாலும் ஊருக்கு அவன் சர்தார்தான்.

“யாரு ராஜா?”

“சின்னசாமி” என்றார் வாத்தியார், தரையைப் பார்த்தபடி.

“நல்லது. அப்போ கிரீடத்தையும் சின்னசாமியே கொண்டுவரட்டும்.”

அவ்வளவுதான் பேச்சு. தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டான். வாத்தியாரின் துணிச்சல் வண்டிச் சத்தம் ஓயும்வரைகூட நிற்கவில்லை. “கிரீடம் இல்லாத ராஜாவை நான் மேடை ஏத்தமாட்டேன். சனிக்கிழமை, இருபத்தொண்ணாம் தேதி, பொழுது சாயறதுக்குள்ளே கிரீடத்தை என் கண்ணாலே பார்க்கணும். இல்லேன்னா மாணிக்கம்தான்.”

“நான் செய்யறேன்” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். “நீ மூட்டைக்கு மை அடிக்கிறவன்டா” என்றான் ஒருவன்.

செய்வேன்.

செவ்வாய், நவம்பர் 10

அம்மாவிடம் பெட்டிக் கதையை மறுபடி கேட்டேன். அப்பா சொன்னதும் அம்மா சொல்வதும் ஒன்றே. கரும்புத் தோட்டக் கூலிகளின் குடியிருப்பான காம்பில் இருந்த எல்லாக் குடும்பமும் சேர்ந்து, காரைக்கால் பக்கத்துத் தச்சனிடம் செய்யச் சொல்லிக் கப்பலில் வரவழைத்த பெட்டி. அப்போது காம்பு முழுக்க ஓலைக் குடிசை. சர்தார் வீட்டுக்கு மட்டும் தகரக் கூரை. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று அங்கே வைத்தார்கள். இன்று எல்லா வீட்டுக்கும் தகரம். பெட்டி மட்டும் திரும்பவில்லை.

ஒருவரும் கேட்கவில்லையாம். வெட்கமாக இருக்கிறது. அவர்களை நினைத்தா, என்னை நினைத்தா, தெரியவில்லை.

படம் போட ஆரம்பித்தேன். தாள்: மில்லில் கெட்டுப்போன முத்திரைத் தாளின் பின்பக்கம். பென்சில், மில் மை, கடைச் சாயப்பொடி இரண்டு பொட்டலம் (சிவப்பு, பச்சை).

முதல் படம், ஏர் பிடிக்கும் ராஜா. உண்மையான உழைப்பாளியாகவே போட்டேன். இடுப்பில் கோணி, முழங்காலில் கோணி, தலையில் கந்தல். போன வருடம் மாணிக்கம் ஏர் பிடித்தபோதுகூட ஜரிகை அங்கவஸ்திரம். எந்த ஊர் வயலில் ஜரிகை? படம் நன்றாக வந்தது. முட்டிக் கோணியின் கிழிசல்கூட விழுந்திருந்தது.

சின்னசாமியிடம் காட்டினேன். (எழுதிக் கை வலிக்கிறது. இனி சி.)

வெகுநேரம் பார்த்தான். “நல்லா இருக்குடா. நானேதான்.”

“அதுதானே வேணும்!”

“ஆறு நாளும் கோணி கட்டறேன். ஏழாம் நாள் ராஜா வேஷம்னு சொல்லி அன்னைக்கும் கோணியா? போய் நீ கட்டிக்கிட்டு ஆடு.”

கோபம் வந்தது. உண்மையைச் சொல்லும் படம் என்றேன். “உண்மை எனக்குத் தெரியும், என் முட்டிக்குத் தெரியும். நான் ஜொலிக்கணும்டா” என்றான்.

படத்தைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்தேன். ஏர்க் காட்சிக்கு வெள்ளை வேட்டி போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

புதன், நவம்பர் 11

தூறல். பிறகு புழுக்கம்.

மரம் செதுக்க எனக்குத் தெரியாது. தச்சனுக்கு நாள் போதாது. அட்டை ஒரு வியர்வைக்கு ஊறிவிடும். தகரம் கழுத்தை அறுக்கும். காலையிலிருந்து இதே கணக்கு.

மில்லிலிருந்து வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து பை பின்னிக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்கான பை, தாழை மாதிரியான வக்வா ஓலையில். இருபத்திரண்டு வருடமாக நான் பார்க்கும் காட்சி, ஆகவே பார்க்காத காட்சி. ஓலை மேலே, கீழே, மேலே, கீழே. காய்ந்த ஓலை மங்கலான பொன்னிறம். அந்தப் பைக்குள் சர்க்கரையைத் திணித்து, தைத்து, வண்டியிலிருந்து தூக்கிப் போடுகிறார்கள். நான் மேலே முத்திரை குத்துகிறேன். உடைவதில்லை. அதைவிடக் கெட்டியான கவசம் எந்த ராஜாவிடம் இருந்தது?

“அம்மா, இதிலே கிரீடம் பின்ன முடியுமா?”

“என்ன மாதிரி?”

அங்கேயே தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டினேன். அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “அடி வட்டம் வரும். மேலே கூம்பு, ரெண்டு ஓலையைக் கூட்டினா வரும். இந்தக் கொம்பெல்லாம் எதுக்கு?”

“அழகுக்கு.”

“அழகுக்குன்னா கொஞ்சம் சின்னதாப் போடு. பின்றவ கையையும் நினைச்சுப் பாரு.”

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நான்கு படம் முடித்தேன். என் கையா இது என்று இருக்கிறது.

படம் 1. கிரீடம். மூன்று அடுக்கு. சி. தலைச்சுற்று ஒரு முழம் ஆறு விரல்.
படம் 2. மார்புக் கவசம். சாய்சதுரப் பின்னல், சிவப்பு ஓலை ஊடே. நடுவில் கண்ணாடிச் சில்லு.
படம் 3. தோள்கள். சிறகு மாதிரி. கை தூக்கினால் சேர்ந்து தூக்க வேண்டும். (மரத்தில் நடக்காது!)
படம் 4. இடுப்புப் பாவாடை. துணி. தையல்காரி மதாம் ரோசீனைக் கேட்க வேண்டும்.

பொன் பூச்சு: தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை உரித்து, வார்னிஷில் மஞ்சள் குழைத்து மேலே ஒரு கை. ஒரு துண்டில் பூசிப் பார்த்தேன். பொன்னேதான்.

வெள்ளி, நவம்பர் 13

காடு ஓரம் போய் ஓலை அறுத்து வந்தேன். முள் கிழித்துக் கையெல்லாம் கோடு. அம்மா பார்த்ததும், “இது பச்சை. வெந்நீர்லே போட்டு, வெயில்லே காயவச்சு, அப்புறம்தான் பின்றது” என்றாள்.

“எத்தனை நாள்?”

“வெயிலைப் பொறுத்தது. ஆறு, ஏழு.”

“நாள் இல்லேம்மா. பச்சைதான் வளையுது, சாயமும் பிடிக்குது. இப்படியே பின்னு.”

“சுருங்கும்.”

“வார்னிஷ் பூசினால் சுருங்காது.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மில்லுக்குப் போதுமான நெருப்பு. “நீ படிச்சவன். சொல்றபடி பின்றேன். அப்புறம் என்னைக் கேட்காதே.”

ஞாயிறு, நவம்பர் 15

முடிந்தது! காலையில் வார்னிஷ் காய்ந்ததும் சி.க்குக் கட்டிப் பார்த்தோம்.

பாவாடையை மதாம் ரோசீன் தைத்துக் கொடுத்தாள். சாலையோரத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் கிரியோல்காரி. ஊர்க் கல்யாண கவுனெல்லாம் அவள் கைதான். மார்புக் கவசத்தைப் பார்த்து, “அயோ, ஜோலி, என்ன அழகு!” என்று கத்தினாள். பிறகு என் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கிரியோலில் கேட்டாள்: “இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?” ஒருவரும் இல்லை என்றேன். உடைந்த நிலைக்கண்ணாடியின் சில்லுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. “நாடகத்துக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி” என்றாள்.

சி. முற்றத்தில் நடந்தான். குதித்தான். கையைத் தூக்கினான், தோள் சிறகும் தூக்கியது. கோழியெல்லாம் சிதறி ஓடின. “டேய், ஒண்ணுமே போடாத மாதிரி இருக்குடா!” மரக் கட்டை கட்டிய மாணிக்கம் மூன்று வருடமாக மேடையில் தூணைப்போல நின்றது நினைவுக்கு வந்தது.

இன்று நான் பெருமைப்படுகிறேன். இந்தத் தீவில் ஒருவரும் செய்யாததைச் செய்தேன். அடக்கமாக எழுத வேண்டிய அவசியம் இந்த நோட்டில் இல்லை.

புதன், நவம்பர் 18

சுருங்கிவிட்டது.

மூன்று நாள் கொளுத்திய வெயில். மில்லிலிருந்து வந்து துணியை விலக்கினேன். ஓலை ஒவ்வொன்றும் ஒடுங்கி, பின்னலுக்கு நடுவே விரல் போகும் ஓட்டை. ஈயத்தாள் சுருங்கி உதிர்கிறது. கிரீடம் பின்னல் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சி. தலையில் வைத்தால் புருவத்தைத் தாண்டி மூக்கில் வந்து நிற்கிறது.

அந்த நேரம் பார்த்து மாணிக்கம் வேலியோரம் போனான். எட்டிப் பார்த்தான்.

“ராஜாவா, கோழிக்கூடையா?”

சி. கிரீடத்துக்குள்ளிருந்தே, “உள்ளே கோழி இருக்கு, கொத்தும், போடா” என்றான். அவன் சிரித்தான், மாணிக்கமும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

தப்பு என்னுடையது. அம்மா சொன்னாள், நான் கேட்கவில்லை. முதலாளிகளும் சர்தார்களும் பின்னுகிறவள் பேச்சைக் கேட்பதில்லை என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன். நானும் கேட்கவில்லை. வேறென்ன எழுத?

இன்னும் மூன்று நாள். படம் இருக்கிறது. அது சுருங்காது.

வியாழன், நவம்பர் 19

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்க விடவில்லை. “காஞ்ச ஓலை வீட்டிலே இருக்கே. இந்த வாரப் பைக்கு வச்சது. அதிலே பின்னலாம்.”

“மில்லுக்கு?”

“மில்லு எங்கேயும் ஓடாது.”

அவள் ஒருத்தியால் முடியாது என்று நான்கு பேரைக் கூட்டி வந்தாள். எல்லோரும் இந்தத் தெருவில் பை பின்னுகிறவர்கள். பாப்பாத்தி அத்தை, அஞ்சலை அக்கா, செல்லம்மா, காது கேட்காத முனியம்மா சித்தி. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் காய்ந்த ஓலையைக் கட்டித் தூக்கி வந்தாள். படங்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். வேலையைப் பிரித்தோம்: அம்மாவுக்குக் கிரீடம், அத்தைக்கும் அக்காவுக்கும் மார்பு முன்னும் பின்னும், மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு தோள்.

உடனே ஒரு சண்டை. படத்தில் எல்லாத் துண்டுக்கும் ஒரே விளிம்பு போட்டிருந்தேன், கயிறு முறுக்கினாற்போல. அத்தை மாட்டேன் என்றாள். “என் கைக்கு என் விளிம்புதான் வரும்.”

பை பின்னுகிற ஒவ்வொருத்திக்கும் விளிம்பு மடிப்பு தனி. அம்மாவுடையது இரட்டை மடிப்பு. அத்தையுடையது பல்லுப் பல்லாக. இதற்குக் காரணம் மில். பை கிழிந்து சர்க்கரை கொட்டினால், விளிம்பைப் பார்த்து யார் பின்னியது என்று கண்டுபிடித்துத் திட்டுவார்கள். வேலாயுதம் சர்தாராக இருந்த காலத்தில் கிழிந்த பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருவானாம்.

ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்று வாதாடினேன். பாப்பாத்தி அத்தை, “ஏன்டா, ராஜா என்ன ஒரே ஆளுக்கா ராஜா?” என்றாள். முனியம்மா சித்திக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குத் தன் மீன்முள் விளிம்பை ஆரம்பித்துவிட்டாள்.

படத்தை மாற்றிவிட்டேன். ஐந்து விளிம்பு. மாற்றிய படம் பழையதைவிட நன்றாக இருக்கிறது. ஒப்புக்கொள்ள அரை மணி ஆயிற்று.

மாலையில் இன்னொரு செய்தி. கோயில் விழாவுக்கு எரியும் காஸ் விளக்குகள் இரண்டும் சர்தாருடையவை. “திரி சரியில்லே, இந்த வருஷம் கிடைக்காது” என்று ஆள் அனுப்பினான். வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“பகல்லே ஆடுவோம்” என்றேன்.

“பகல்லே நாடகமா? பகல்லே எவன்டா பார்ப்பான்? அரிதாரம் வழியும். பூச்சு பல்லிளிக்கும்.”

“மரக் கட்டைதான் பல்லிளிக்கும். எங்களோடது பளபளக்கும்.”

வேறு வழியில்லாததால் சம்மதித்தார். ஞாயிறு மூன்று மணி.

சனி, நவம்பர் 21

அரை நாள் மில். ஓடி வந்தேன்.

ஐந்து பேர், இரண்டரை நாள். விரலெல்லாம் வெட்டு. அஞ்சலை அக்கா விரலில் துணி சுற்றிக்கொண்டு பின்னினாள். என் வேலை ஓலை கிழிப்பது, சாயம் தோய்ப்பது, ஈயத்தாள் ஒட்டுவது, சும்மா இருந்தால் திட்டு வாங்குவது.

காய்ந்த ஓலைப் பின்னல் கல்லாக நிற்கிறது. தட்டினால் பறை மாதிரிச் சத்தம். கிரீடம் சி. தலையில் வைத்த இடத்தில் நின்றது. தலையை ஆட்டினான், நின்றது. தலைகீழாக நிற்கட்டுமா என்றான். வேண்டாம் என்றாள் அம்மா.

ஐந்து மணிக்கு வாத்தியார் வந்தார். சுற்றி வந்தார். விரலால் சுண்டினார். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, சுவரில் இருந்த படத்தையும் சி.யையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது சர்க்கரைப் பை ஓலைதானே?”

“ஆமாம்.”

“தெரியலேடா” என்றார். “சொன்னாத்தான் தெரியுது.” பிறகு, “சின்னசாமிதான் ராஜா.”

அவர் போனதும் செல்லம்மா முந்தானையால் கிரீடத்துத் தூசியைத் துடைத்தாள். தூசி இல்லை.

ஞாயிறு, நவம்பர் 22

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம்: எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பகல் நாடகம் என்ற கேலிக்காகவே பாதிப் பேர். பக்கத்து போஜ்புரிக்காரர் குடும்பங்களும் வந்தன. மதாம் ரோசீன் முன் வரிசையில், தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து.

வானம்: மேகமில்லை. சிவப்பாகப் பூத்த மயில்கொன்றை மரங்களுக்கு மேல் வெயில்.

முதல் காட்சி: சி. அரசவையில். கூட்டத்தில் முணுமுணுப்பு. “கட்டை எங்கேருந்து வந்துச்சு?” “சர்தார் கொடுத்துட்டாரா?” சர்தார் பந்தலடியில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஏர்க் காட்சி: வெள்ளை வேட்டியில் வந்து ஏர் பிடித்தான். நான் போட்ட கோணி அங்கே தேவைப்படவில்லை. அவன் முதுகு வளைந்த வளைவே போதும். எல்லோருக்கும் தெரிந்த வளைவு. பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். அவன் சொன்னதுதான் சரி. இதையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த மாதம் அதிகம் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிக் காட்சி: ராஜா திரும்புகிறான். மேடைப் பக்கவாட்டிலிருந்து வருவது வழக்கம். கூட்டத்துக்குப் பின்னால், கரும்பு வயல் பாதையிலிருந்து வரவைத்தோம். பாட்டு முதலில் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. நான்கு மணி வெயில் நேராக அவன் மார்பில். கண்ணாடிச் சில்லும் ஈயப் பொன்னும் சேர்ந்து எரிந்தன. முன்னால் இருந்த குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டன. ஓடி வந்தான். முழு வேஷத்தோடு ஓடினான்! கூட்டம் பிளந்து வழிவிட்டது. மேடை விளிம்பில் கை ஊன்றாமல் ஒரே தாவல். இரண்டு தோள் சிறகும் விரிந்து இறங்கின.

அப்புறம் வாத்தியாரின் பாட்டு ஒருவருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம்.

“அந்த இடது தோள் என்னோடது” என்று முனியம்மா சித்தி உரக்கச் சொன்னாள். காது கேட்காதவர்கள் பேசும் சத்தத்தில். திடலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் ஒருத்தி, “நம்ம சர்க்கரைப் பையா இது?” என்றாள். சொல் அப்படியே வரிசை வரிசையாகப் பரவுவதைக் கண்ணால் பார்த்தேன். அம்மா கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நேராக நிற்கிறதா என்று.

முடிந்ததும் வாத்தியார் நன்றி சொன்னார். முதல் நன்றி, “என்றும் ஆதரவு தரும் சர்தார் வேலாயுதம் அவர்களுக்கு.” விளக்குத் தராத சர்தாருக்கு! பெட்டி தராத சர்தாருக்கு! ஐந்து பெண்களில் ஒருத்தி பெயர்கூட இல்லை. நான் எழுந்து ஐந்து பெயரையும் கத்தினேன். வாத்தியார் இருமினார். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு. அஞ்சலை அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் கத்திவிட்டேன், எல்லோரும் கேட்டார்கள்.

ஒன்று பாக்கி. கூட்டம் கலைந்தபின் மாணிக்கம் வந்தான். சண்டைக்கு என்று நினைத்தேன். மார்புக் கவசத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தான். “இவ்வளவுதானா கனம்?” சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். இரண்டு தோளிலும் தடித்த தழும்பு. மரக் கட்டையின் கயிறு அறுத்தது. மூன்று வருடத் தழும்பு.

“நான் கேட்டேனா ராஜா வேஷம்?” என்றான். பிறகு கொடுத்துவிட்டுப் போனான்.

அவனைப் பற்றி இந்த நோட்டில் முன்பு எழுதியதை அடிக்கவில்லை. குரல் மோசம்தான். ஆனால் அவனும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறான்.

திங்கள், நவம்பர் 23

காலையில் மழை. மில்லில் மூன்று பேர் கை குலுக்கினார்கள். முத்திரை அடிக்கும்போது ஒவ்வொரு பையின் விளிம்பையும் பார்த்தேன். இது அத்தை. இது சித்தி. இது யாரென்று தெரியவில்லை, கேட்க வேண்டும்.

மாலை ஐந்து மணி. வீட்டு வாசலில் குதிரை வண்டி. சர்தார் இறங்கினான். மாணிக்கம் லகானைப் பிடித்தபடி மேலேயே. அம்மா பின்னலை நிறுத்தவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டு மற்ற நான்கு பேரும் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள்.

“நல்லா செஞ்சிருக்கே தம்பி” என்றான். என்னைத் தம்பி என்பது இதுதான் முதல் தடவை. “ஊரே பேசுது. மழைக்காலம் வருது, ஓலை சாமான் நனையக்கூடாது. கோயில் நாடகத்துக்கு ஆனது, ஊருக்குப் பொது. என் வீட்டிலே பெட்டியோட பெட்டியா பத்திரமா இருக்கட்டும். வண்டியிலே ஏத்து.”

அதே வார்த்தைதான். அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பான், இதே குரலில்.

அம்மா தலை நிமிராமல், “எங்க வீட்டுக்கும் தகரம் போட்டாச்சு சர்தார் ஐயா” என்றாள்.

“பொதுச் சாமான் ஒரு ஆள் வீட்டிலே இருந்தா நல்லா இருக்காதும்மா.”

பாப்பாத்தி அத்தை சிரித்தேவிட்டாள். உள்ளே போய் எல்லாத் துண்டையும் எடுத்து வந்து அம்மா பக்கத்தில் வைத்துவிட்டு, கவசத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இந்த விளிம்பு யாருதுன்னு சொல்லுங்க.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“தெரியுமே உங்களுக்கு. பை கிழிஞ்சா இதைப் பார்த்துத்தானே என் வாசல்லே வந்து நிப்பீங்க? என் மாமியார் முன்னாலே திட்டினீங்களே. அப்போ என்னோடது. இப்போ மட்டும் பொதுவா?”

“இது என்னோடது” என்று அஞ்சலை அக்கா பின்பக்கத்தைத் தொட்டாள். செல்லம்மா வலது தோளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். முனியம்மா சித்திக்கு நடந்தது என்னவென்று தெரிந்திருக்காது. ஆனாலும் இடது தோளை எடுத்துக்கொண்டாள். கிரீடம் அம்மா மடியில்.

சர்தார் தொப்பியைக் கையில் திருப்பினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. “சரி, உங்க ஓலையை நீங்களே வச்சுக்குங்க” என்று வண்டிப் படியில் கால் வைத்தான்.

போயிருப்பான். விட்டிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்போம். நான் போய்க் குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தேன்.

“ஐயா, பெட்டிச் சாவி.”

“என்ன?”

“காம்பு முழுக்கச் சேர்ந்து வரவழைச்ச பெட்டி. மழைக்காக உங்க வீட்டிலே வச்சது. இப்போ எல்லார் வீட்டிலேயும் தகரம் இருக்கு. சாவியைக் கொடுங்க.”

மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சர்தார் சக்கரத்தைப் பார்த்தான். மாணிக்கம் அப்பாவின் இடுப்பைப் பார்த்தான். அரைஞாணில், வேட்டி மடிப்புக்குக் கீழே, கறுத்த இரும்புச் சாவி.

நான் கயிற்றை விடவில்லை.

“சாவியைக் கொடுங்க ஐயா.”